மாற்றல் உத்தரவில் ஒரு பெயர்



மத்திய அரசுப் பணியில் இருப்போர் பலருக்கும் என்றேனும் ஒரு நாள் மேசைமீது வந்து சேரும் தாள் ஒன்று உண்டு. அதில் நீண்ட செய்தி ஏதும் இராது. இன்ன பதவியில் உள்ள இன்னார், பொது நலனை முன்னிட்டு, இன்ன ஊரிலிருந்து இன்ன ஊருக்கு மாற்றப்படுகிறார். இன்ன தேதியில் விடுவிக்கப்படுவார் என்று நான்கு வரிகளே காணப்படும். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் எங்களுக்கு இத்தகைய வாசகங்கள் கைப்பழக்கமானவை. அவற்றில் குறை ஏதும் எங்களுக்குத் தோன்றியதில்லை. 2016-ஆம் ஆண்டு எங்கள் பெயரே அத்தகைய தாளில் வந்தபோதுதான் அந்தக் குறை புலனாயிற்று. உத்தரவில் இருந்தது ஒரு பெயர். சென்னையிலிருந்து தில்லிக்குப் புறப்பட்டவர்கள் ஐந்து பேர்.

இந்த ஒன்றுக்கும் ஐந்துக்கும் இடையே உள்ள வேற்றுமையைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகிறோம்.

உத்தரவு பெற்றவருக்கு அரசு விதிகள் செய்து தரும் வசதிகள் குறைந்தவை அல்ல. பொது நலன் கருதிச் செய்யப்படும் மாற்றலாயின், புதிய இடத்தில் பணியேற்பதற்கு 1979-ஆம் ஆண்டின் விதிகள் அவகாசம் தருகின்றன. 1,000 கிலோமீட்டர் வரை 10 நாள். அதற்கு மேற்பட்டால் 12 நாள். 2,000 கிலோமீட்டரைத் தாண்டினால், விமானத்தில் செல்வோர் நீங்கலாக, 15 நாள். பிரயாணச் செலவும், சாமான்களைக் கொண்டு செல்லும் கூலியும், மாற்றல் மானியமும் கிடைக்கின்றன. தாமே விண்ணப்பித்துப் பெறும் மாற்றலுக்கு மட்டும் இவை கிடையா. கணவன் மனைவி இருவரும் அரசுப் பணியில் இருந்தால், இயன்றவரை ஒரே ஊரில் அமர்த்த வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் குறிப்பாணை கூறுகிறது. மாற்றுத்திறனாளிக் குழந்தையைப் பேணும் ஊழியர், வழக்கமான சுழற்சி மாற்றலிலிருந்து விலக்குக் கோருவதற்கு அரசின் குறிப்பாணை இடமளிக்கிறது. அடிக்கடி மாற்றப்படுவோரின் குழந்தைகளுக்காகவே 1963-ஆம் ஆண்டில் மத்தியப் பள்ளிகள் தோன்றின. இன்று கேந்திரிய வித்யாலயம் என்னும் பெயரில் நாடெங்கும் 1,200-க்கு மேற்பட்டவை இயங்குகின்றன. ஒரு கேந்திரிய வித்யாலயத்தில் படித்த பிள்ளை, பெற்றோர் மாற்றலாகிச் செல்லும் ஊரின் கேந்திரிய வித்யாலயத்தில் சேர்வது எளிது.

இவை யாவும் நல்லவை, பெற வேண்டியவை. எனினும், இவற்றில் பெரும்பாலானவை உத்தியோகஸ்தரையே கண்ணிற் கொண்டு எழுதப்பட்டவை. உண்மையிலோ, மாற்றலால் மிகக் குறைவாக மாறுகிறவர் அவர்தாம். சென்னையில் எந்த விதிப் புத்தகமோ, தில்லியிலும் அதே புத்தகம். கோப்பின் நாடா அதே. குறிப்பெழுதும் முறை அதே. மேலதிகாரியை விளிக்கும் மரபும் அதே. காலை பத்து மணிக்குள் அவருக்கென்று ஒரு நாற்காலி காத்திருக்கிறது. அவர் பெயரைச் சொல்லி அழைக்கப் பத்துப் பேர் இருக்கிறார்கள். ஊர் மாறியது வீட்டில் இருப்போருக்கே. அவர்களுக்கு நாற்காலி இல்லை. பெயர் சொல்லி அழைப்பாரும் இல்லை.

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்வோம். இல்லத்தரசி சென்னையில் ஒரு பள்ளியில் 11 ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தவர். அந்த வேலையை விட்டு வந்தார். அவருடைய 11 ஆண்டுகளுக்கு எந்த மானியமும் இல்லை. மூத்தவள் எட்டாம் வகுப்பு. தோழிகளை விட்டு வந்தாள். இளையவன் மூன்றாம் வகுப்பு. வகுப்பில் ஆசிரியை பேசுவது ஆங்கிலமாதலால் பாதி புரியும். விளையாட்டு மைதானத்தில் பிள்ளைகள் பேசுவது இந்தியாதலால் ஒன்றும் புரியாது. ஆகவே, பாட நேரத்தைவிட விளையாட்டு நேரத்துக்கே அவன் அஞ்சினான். எங்கள் தாயாருக்கு அப்போது 72 வயது. கும்பகோணத்தில் பிறந்து, மயிலாப்பூரில் 40 ஆண்டுகள் வாழ்ந்தவர். அரசுக் குடியிருப்புக் கிடைக்கும் வரையில், யமுனைக்கு அப்பால் லக்ஷ்மி நகரில் ஒரு வீட்டின் மாடியை வாடகைக்குப் பிடித்தோம். ஜூன் மாதத்து வெயிலில் வந்து இறங்கினோம். உலையின் வாயைத் திறந்தாற்போல் வீசும் அந்த உலர்காற்றைத் தில்லியில் வாழும் நேயர்களுக்கு நாங்கள் விவரிக்க வேண்டியதில்லை.

முதல் ஏழு மாதங்கள் நாங்கள் நன்றாகப் பொருந்திவிட்டோம் என்றே எண்ணியிருந்தோம். இட்லி அரிசி கரோல் பாகில் கிடைத்தது. காப்பிப் பொடி ஊரிலிருந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இராமகிருஷ்ணபுரத்து மலை மந்திருக்குச் சென்று சுவாமிநாதனைத் தரிசித்துத் திரும்பினோம். இரவில் கைப்பேசியில் சென்னைச் சொந்தங்களை முகம் பார்த்துப் பேசினோம். மயிலாப்பூரில் எந்த வீட்டில் திருமணம், எந்தத் தெருவில் குழாய் உடைந்தது என்பதெல்லாம் அன்றன்றே தெரிந்தது. கீழ் வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்பது மட்டும் தெரியாது. மூன்று நான்கு ஆண்டில் வேறெங்கோ போகப்போகிறோம், அறிமுகம் எதற்கு என்று இருந்துவிட்டோம்.

2017-ஆம் ஆண்டு ஜனவரியில் ஓர் ஏகாதசி நாள். தாயாருக்கு நீரிழிவு உண்டு. காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு, எங்களிடம் சொல்லாமல் உபவாசம் இருந்தார். பிள்ளைகள் பள்ளியில். நாங்கள் அலுவலகத்தில். இல்லத்தரசி ஒரு பள்ளியில் வேலைக்காக நேர்முகத் தேர்வுக்குச் சென்றிருந்தார். முற்பகலில் தாயாருக்குத் தலை சுழன்றது. கதவைத் திறந்துகொண்டு வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

கீழ் வீட்டுப் பஞ்சாபி அம்மையார் அதைக் கண்டார். என்ன என்று கேட்டார்; தாயாரால் சொல்ல இயலவில்லை. மொழியும் இல்லை, பேசத் தெம்பும் இல்லை. ஆனால் அந்த அம்மையார் ஒன்றைக் கவனித்தார். தில்லியின் ஜனவரிக் குளிரில் தாயாரின் நெற்றி வியர்த்துக் கிடந்தது. அவருடைய சொந்தத் தாயாருக்கும் நீரிழிவு இருந்ததாம். உடனே சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டார். பின்னர், வீட்டாரை அழைக்க வேண்டும் என்று சைகை காட்டினார். தாயார் தம்முடைய சிறிய நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். பெயர்களெல்லாம் தமிழில். எது மகனுடைய எண் என்று அம்மையாருக்கு எப்படித் தெரியும்? முதல் பக்கத்தில் முதலாவதாக இருந்த எண்ணைச் சுழற்றினார். மணி கும்பகோணத்தில் அடித்தது. எடுத்தவர் எங்கள் மாமா. அவருக்கு இந்தியில் ஒரு சொல்லும் தெரியாது. தமக்கையின் பெயரையும் தில்லி என்பதையும் வைத்து ஏதோ விபரீதம் என்று ஊகித்து, பதறிப்போய் எங்களை அழைத்தார்.

எங்கள் அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் இடையே ஏழு கிலோமீட்டர்தான். அந்த ஏழு கிலோமீட்டரைக் கடக்க, செய்தி 2,000 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கும்பகோணத்துக்குச் சென்று திரும்ப வேண்டியிருந்தது.

நாங்கள் ஓடி வந்து சேர்ந்தபோது, தாயார் கீழ் வீட்டு நாற்காலியில் போர்வை போர்த்து உட்கார்ந்து, அந்த வீட்டுத் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார். "ஒண்ணும் இல்லேப்பா, ஆபீஸை விட்டுட்டு ஏன் ஓடி வந்தே?" என்று எங்களையே கடிந்தார். அம்மையார் எங்கள் பிள்ளைகள் இருவரின் பெயரையும் சொல்லி, அவர்கள் பள்ளியிலிருந்து வரும் நேரமாயிற்றா என்று விசாரித்தார். அவர் பெயர் எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்றுதான் கேட்டோம். அவர் எங்களைக் குறை கூறவில்லை. "நீங்கள் படியேறுவதையும் இறங்குவதையும் மட்டுமே பார்த்திருக்கிறேன்" என்று மட்டும் சொன்னார். அது போதுமானதாக இருந்தது.

அன்றிரவு அந்த நோட்டுப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தோம். 23 எண்கள் இருந்தன. எங்கள் இருவருடைய எண்கள் கடைசிப் பக்கத்தில். மற்ற 21-ம் தமிழ்நாட்டில் இருப்போருடையவை. நாங்கள் தில்லிக்கு வந்து ஏழு மாதமாயிற்று என்று எண்ணிக்கொண்டிருந்தோம். சாமான்கள்தாம் வந்திருந்தன.

நமக்கு முன்னால் இவ்வாறு ஊர் மாறி வந்த தமிழர் எப்படி வாழ்ந்தனர் என்பதை நினைத்துப் பார்ப்பது பயன் தரும். பிரிட்டிஷ் ஆட்சியில் 1864-ஆம் ஆண்டு முதல் சிம்லா கோடைத் தலைநகராக இருந்தது. கோடைதோறும் அரசாங்கமே கோப்புக் கட்டுகளுடன் மலையேறிற்று. குளிர் தொடங்கியதும் இறங்கிற்று. தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்பது 1911-ஆம் ஆண்டு டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. அரசாங்கம் சென்ற இடமெல்லாம் அதன் ஊழியரும் சென்றனர். அவர்களில் தமிழரும் இருந்தனர். இன்று தில்லியில் ஏழு பள்ளிகளை நடத்திவரும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகம், 1923-ஆம் ஆண்டில் மதராஸி கல்விச் சங்கம் என்ற பெயரில் தொடங்கியதாகும். தில்லித் தமிழ்ச் சங்கம் 1946-ஆம் ஆண்டில் பிறந்தது. கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியது 1929-ஆம் ஆண்டில். அதில் ஏறினால் ஊர் போய்ச் சேர நாள் கணக்காகும். கடிதத்துக்கு மறுமொழி வர இரண்டு வாரமாகலாம். அத்தகைய காலத்தில் ஒருவருக்கு உடம்புக்கு வந்தால், பக்கத்து வீட்டாரைத் தவிர வேறு கதியில்லை. ஆகவே அவர்கள் பக்கத்து வீட்டாரைத் தெரிந்துவைத்திருந்தனர். நமக்கோ கைப்பேசி இருக்கிறது. ஊரைப் பிரியாமலே ஊர் மாறிவிடலாம் என்ற மயக்கத்தை அது தருகிறது. கைப்பேசியைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதன் வழியே சர்க்கரைத் தண்ணீர் வராது.

அந்த ஏகாதசிக்குப் பிறகு எங்கள் வீட்டில் சில மாறுதல்கள் நிகழ்ந்தன. பெரிய காரியங்கள் அல்ல. தாயார் பகலில் மொட்டைமாடி வெயிலில் கீழ் வீட்டு அம்மையாருடன் உட்காரத் தொடங்கினார். தில்லிக் குளிர்காலத்தில் மாடி வெயிலே பெண்களின் கூடம். பட்டாணி உரிப்பது, ஸ்வெட்டர் பின்னுவது, வேர்க்கடலை கொறிப்பது எல்லாம் அங்கேதான். முதலில் இருவரும் சைகையில் பேசினர். பிறகு தாயார் ஒவ்வொரு சொல்லாகக் கற்றார். தமிழ்ச் செவிக்கு இந்தியில் ஓர் இடர்ப்பாடு உண்டு. அவர்களுக்கு நான்கு ககரம், நமக்கு ஒன்று. சாப்பாட்டுக்கும் பாட்டுக்கும் நாம் தமிழெழுத்தில் 'கானா' என்றே எழுதுகிறோம். ஒருநாள் தாயார், சாப்பிட்டாயிற்றா என்று கேட்பதாக நினைத்துக்கொண்டு, 'கானா காயா?' என்றார். பாட்டுப் பாடியாயிற்றா என்று அது அம்மையாரின் காதில் விழுந்தது. "இன்னும் இல்லை மாதாஜி, குரல் சரியில்லை" என்று அவர் சிரிக்க, காரணம் விளங்கிய பிறகு தாயாரும் சிரித்தார். அந்த வீட்டில் தாயார் வாய்விட்டுச் சிரித்தது அதுவே முதல் முறை.

குளிரில் இட்லி மாவு புளிக்காமல் இருந்த துன்பமும் அங்கேதான் தீர்ந்தது. தயிர் தோய்வதற்குப் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி வைக்கும் வழக்கத்தை அம்மையார் காட்டினார். மாவுப் பாத்திரத்தையும் அவ்வாறே இரவு முழுதும் சுற்றி வைத்ததும் மாவு பொங்கிற்று. அந்த இட்லி கீழ் வீட்டுக்கும் போயிற்று. அம்மையாரின் பேரன் எங்கள் இளையவனைக் கிரிக்கெட்டுக்கு அழைத்துச் சென்றான். ஆசிரியை ஏழு மாதத்தில் கற்பிக்க முடியாத இந்தியை, பந்து பொறுக்குவதில் அவன் இரண்டு மாதத்தில் கற்றான். இல்லத்தரசிக்கு அன்றைய நேர்முகத் தேர்வில் வேலை கிடைக்கவில்லை. ஆனால் அவர் கணித ஆசிரியை என்று அறிந்த அம்மையார், தெருவிலிருந்த நான்கு பிள்ளைகளை மாலையில் அவரிடம் அனுப்பிவைத்தார். பழைய வேலைக்கு அது ஈடாகாது. எனினும், தெருவில் அவரை 'டீச்சர்ஜி' என்று அழைக்கும் நான்கு குரல்கள் கிடைத்தன. அவருக்கும் ஒரு நாற்காலி வந்து சேர்ந்தது என்றே கொண்டோம்.

இந்த அனுபவத்தைக் கொண்டு, புதிதாக மாற்றல் உத்தரவு பெற்றிருக்கும் நேயர்களுக்குச் சில சொல்லலாம் என்று நினைக்கிறோம். பணியேற்க அளிக்கப்படும் 10 அல்லது 15 நாட்களைச் சாமான் கட்டுவதிலும் அவிழ்ப்பதிலும் மட்டும் செலவிட்டுவிட வேண்டாம். முதல் வாரத்திலேயே இரு பக்கத்து வீட்டாரின் பெயரையும் எண்ணையும் பெற்று, நம்முடையதைக் கொடுப்போம். முதியவர்களின் நோட்டுப் புத்தகத்தில் முதல் பக்கம் புதிய ஊருக்கு உரியதாக இருக்கட்டும். அதில் வீட்டு முகவரியும், நம் எண்ணும், அவர்கள் உண்ணும் மருந்தின் பெயரும் அந்த ஊர் எழுத்தில் எழுதப்பட்டிருக்கட்டும். மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தின் அட்டை உடையோர், அதைப் புதிய இடத்துச் சிகிச்சை நிலையத்துக்கு உடனே மாற்றிக்கொள்வது நலம். நோய் வந்தபின் அதற்காக அலைவது கூடாது.

ஊர் மொழியை உத்தியோகஸ்தர் மட்டும் கற்றால் போதாது. வீட்டிலிருப்போரே முதலில் கற்க வேண்டும். நூறு சொற்கள் போதும். தில்லியாயின் இந்தி, கல்கத்தாவாயின் வங்காளி, பம்பாயாயின் மராத்தி. எங்கும் இந்தியைக் கொண்டு ஒப்பேற்றிவிடலாம் என்பது பாதி உண்மையே. காய்கறிக்காரரிடம் வங்காளியில் விலை கேட்பவருக்கும் இந்தியில் கேட்பவருக்கும் கல்கத்தாவில் உள்ள வேற்றுமையை அங்கே வாழும் நேயர்கள் நன்கு அறிவர்.

குழந்தைகளைப் பற்றியும் ஒரு சொல். அவர்கள் நம்மைவிட விரைவில் பொருந்துவர் என்று சொல்லிக் கவலையைத் தள்ளிவைப்பது வழக்கம். பொருந்துவர் என்பது மெய்யே. அதற்கு முன்னால், சொல்லத் தெரியாமல் சில மாதம் தவிப்பர் என்பதும் மெய். பள்ளியில் என்ன மதிப்பெண் என்று கேட்பதற்கு முன், யாருடன் விளையாடினாய் என்று கேட்போம். மறுபுறம், ஊர் மொழி வந்தபின் தமிழ் நழுவத் தொடங்கும். பேச்சு இருக்கும், படிப்புப் போய்விடும். நாள்தோறும் அரை மணி நேரம் தமிழ் படிக்கவும் எழுதவும் வீட்டிலே ஏற்பாடு இருந்தால், பாட்டியின் நோட்டுப் புத்தகத்தை நாளைக்கு அவர்களால் படிக்க முடியும்.

நம்மவர் நிறுவிய தமிழ்ச் சங்கங்களும், கோயில்களும், பள்ளிகளும் பெருந்துணை. புதிதாக வந்தவர் முதலில் அங்கே செல்வது இயல்பு, செல்லவும் வேண்டும். ஆனால் அவை தங்கி இளைப்பாறும் திண்ணையே அன்றி, தெருவை மறைக்கும் சுவர் ஆகிவிடலாகாது. ஞாயிற்றுக்கிழமை அங்கே, மற்ற ஆறு நாளும் நாம் வாழ்வது நம் தெருவிலே.

மூன்றாண்டில் மறுபடி மாற்றல் வருமே, இவ்வளவு முயற்சி எதற்கு என்று சிலர் கேட்கலாம். நாங்களும் அப்படிக் கேட்டவர்களே. 35 ஆண்டு சேவையில் பாதியையேனும் வெளியூர்களில் கழிப்பவர், ஒவ்வோர் ஊரிலும் இது நம் ஊரல்ல என்று ஒதுங்கியிருந்தால், அவருடைய குடும்பத்துக்கு எந்த ஊரும் இல்லாமல் அந்தப் பாதி வாழ்வு கழிந்துவிடும். அவருக்கு அலுவலகம் இருந்தது. அவர்களுக்கு என்ன இருந்தது?

விடுமுறைப் பிரயாணச் சலுகைக்காக நம் பணிப் பதிவேட்டில் 'சொந்த ஊர்' என்று ஒன்றை அறிவிக்கிறோம். சேவைக்காலம் முழுவதிலும் அதை ஒரே ஒரு முறைதான், அதுவும் தக்க காரணம் இருந்தால்தான், மாற்றிக்கொள்ள முடியும். எங்கள் பதிவேட்டில் இன்றும் கும்பகோணமே இருக்கிறது. அதை மாற்றும் எண்ணம் இல்லை. ஆனால் 2018-ஆம் ஆண்டு அந்தச் சலுகையில் ஊருக்குச் சென்றிருந்தபோது, தாயார் கடைத்தெருவில் காப்பிப் பொடி வாங்கினார். எங்களுக்கு ஒரு கிலோ. தனியே அரைக் கிலோ. அது யாருக்கு என்று மாமா கேட்டார். "தில்லியிலே எங்க பக்கத்து வீட்டுக்காரிக்கு" என்றார் தாயார்.

உத்தரவில் ஒரு பெயரே இருக்கும். அதை எழுதுவோர் வேறு விதமாக எழுத இயலாது. மற்ற பெயர்களைச் சேர்த்துப் படிக்க வேண்டிய பொறுப்பு நம்முடையது.